மூச்சு விடாத ஒலி முகம்மது

அன்னம்மா டீச்சருக்குக் கொஞ்ச நாளாகப் பேருந்து எண் மங்கலாகத் தெரிந்தது. அதனால் ஒரு மதியம் சிராங்கூன் ரோட்டை ஒட்டியிருக்கும் ஒலி முகம்மதுவின் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அவர் இளம் ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்தே அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது ஒலி முகம்மதுதான். பின்பக்கத்து இருட்டறையில் டீச்சரை உட்காரவைத்து, மூக்கின்மேல் அந்தக் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "எது தெளிவா இருக்கு டீச்சர்? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு," என்றார் டீச்சர்.

பதில் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார். கேள்வி கேட்கிறவர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். சொல்லிக் கொடுத்ததைத் தானே மீறலாமா? கொஞ்ச நேரம் போனதும், சொன்ன பதில் தப்போ என்று சந்தேகம் வந்து, "இல்ல, ஒண்ணு," என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. யாரோ இரும்பு அலமாரியைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல் ஆரம்பித்தது, உயர்ந்தது, திடீரென்று நின்றது. ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் பயந்து போனார். பிறகு மூழ்கிப்போனவன் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல் ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் அலமாரி நகர்ந்தது. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒலி முகம்மது முக்காலியில் உட்கார்ந்தபடி, தாடி நெஞ்சில் படிய, விரலிடுக்கில் பிடித்த சில்லைக் கீழே போடாமலே தூங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் விளக்கைப் போட்டார். "தம்பி!"

"நான் தூங்கல டீச்சர். உங்க பவரைப் பத்தி யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

"யோசிக்கும்போது குறட்டை விடுறவங்கள நான் இப்பத்தான் பாக்குறேன். பேருக்கு ஏத்த ஒலி லா உங்களுக்கு. முதல்ல போய் டாக்டரப் பாருங்க."

ஒலி முகம்மது மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியின்மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். டீச்சரிடம் அது செல்லவில்லை. அன்று மாலைக்குள் பூக்கடைக்காரர், நகைக்கடை வாசல் காவலாளி, மூலையில் டீ ஆற்றுகிறவர் என்று அந்தத் தெரு முழுக்க விஷயம் பரவியிருந்தது. கடையை மூடுவதற்குள் ஒன்பது பேர் வாசலில் எட்டிப் பார்த்து, "முழிச்சிருக்கீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒன்று நடந்திருக்காவிட்டால் ஒலி முகம்மது தன் குறட்டையை ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். பொங்கோல் வீட்டில் அவர் மனைவி ஜைனப் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, மகள் யும்னா கல்யாணமாகித் தஞ்சோங் பகாருக்குக் குடிபோனதும் அவளுடைய காலி அறைக்குத் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒருமுறை போனில் பதிவு செய்துகூடப் போட்டுக் காட்டினாள்.

அவர் கவனமாகக் கேட்டார். "மேல் வீட்டுல ரெனவேஷன் நடக்குது போல," என்றார்.

"நடு ராத்திரியில யாருங்க டிரில் போடுவா?"

"அதத்தான் டவுன் கவுன்சில்ல நானும் கேக்கணும்னு இருக்கேன்."

ஆனால் அன்னம்மா டீச்சரே சாட்சி என்று ஆனபிறகு தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. யும்னா மருத்துவமனையில் நாள் வாங்கினாள். ஒரு ராத்திரி முழுக்க அவர் தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். முடிவைப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்குமேல் அவருக்கு மூச்சு நிற்கிறது என்றார்.

"அத்தனை தடவ நின்னா நான் எப்படி டாக்டர் உயிரோட இருக்கேன்?"

"ஒவ்வொரு தடவையும் மூளை உங்களத் தட்டி எழுப்பிடுது. உங்களுக்கே தெரியாது. ராத்திரி பூரா எழுந்து எழுந்து படுத்தா, பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்?" டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "சிபாப் மெஷின் போட்டுக்குங்க. காத்தை ஒரே அழுத்தத்துல உள்ள அனுப்பித் தொண்டைய மூடவிடாம வச்சிருக்கும். தினமும் போடணும்."

மாஸ்க்கை அளவு பார்த்து மாட்டிவிட்ட பெண்ணின் பெயர் ஃபர்சானா. வாய் மூக்கு இரண்டையும் மூடுகிற பெரிய மாஸ்க் அவருடைய தாடியில் உட்காராமல் நாலா பக்கமும் சீறியது. "தாடிய எடுத்துட்டா நல்லா ஒட்டும் அங்கிள்," என்று அவள் மெல்லச் சொன்னாள். அவர் பார்த்த பார்வையில், மறுபேச்சில்லாமல் மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க்கை எடுத்து வந்தாள். பட்டைகளை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே, "உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு," என்றாள். ஒலி முகம்மதுவுக்கு எங்கேயோ இடித்தது. பிறகு அவள் சிரித்துக்கொண்டே, "முதல்ல கொஞ்சம் தொந்தரவா இருக்கும். ரெண்டு வாரத்துல தன்னால பழகிடும்," என்றபோது அவருக்கு விளங்கிவிட்டது. இதே வாக்கியத்தை, இதே சிரிப்போடு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே சில்லில் கண்ணாடி வாங்கிக்கொண்டு படிக்கட்டில் தடுமாறி இறங்கிப்போனவர்கள் எல்லாரிடமும் அவர் சொல்லியிருக்கிறார். பழகியதா இல்லையா என்று யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

அன்று ராத்திரி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். மெஷின் மெதுவாக மூச்சு விட்டது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஜைனபிடம், "லைட்ட ஆஃப் பண்ணு," என்று சொல்ல வாயைத் திறந்தார். "லை..." என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. மூக்கு வழியாகப் போன காற்றெல்லாம் வாய் வழியாக "ஃபூஊஊ" என்று வெளியே அடித்தது. திகைத்து வாயை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடியும் ஃபூஊஊ.

"பேச முடியலையாங்க?" என்றாள் ஜைனப்.

தலையை ஆட்டினார்.

ஜைனபின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் எந்த வாக்கியத்தையும் அவரிடம் முழுசாக முடித்தது கிடையாது. பாதியிலேயே அவர் புரிந்துகொண்டுவிடுவார். புரிந்துகொண்டதும் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவார். ஜைனப் யும்னாவின் அறைக்குப் போய்த் தன் தலையணையை எடுத்து வந்தாள். கட்டிலில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் பொங்கோல்ல லேடீஸ் நீச்சல் கிளாஸ்ல சேந்துட்டேன்," என்றாள். "சனிக்கிழமை காலையில. உடம்பு பூரா மூடுற டிரஸ் வாங்கியாச்சு. கலர் ஊதா."

ஃபூஊஊ, என்றார் ஒலி முகம்மது.

"இந்த வயசுல எதுக்குன்னு கேக்குறீங்க. இந்த வயசுலதாங்க முட்டி வலிக்குது."

ஃபூ, ஃபூஊ.

"காசு கட்டியாச்சு. அப்புறம், அந்த ஹால்ல இருக்குற சாய்வு நாற்காலி. அத நான் தூக்கிக் குடுக்கப் போறேன்."

அவர் பட்டைகளைக் கழற்றிப் பதில் சொல்லத் தயாரானபோது அவள் விளக்கை அணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதிலிருந்து தினமும் இதுதான் வழக்கமாயிற்று. பகலெல்லாம் ஜைனப் விஷயங்களைச் சேர்த்து வைப்பாள். அவர் மாஸ்க்கை மாட்டியதும் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள்.

பேச முடியாததை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மாஸ்க்கைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓரத்தில் கசிந்த காற்று இடது கண்ணில் ஊதியது. புரண்டு படுத்தால் குழாய் கழுத்தைச் சுற்றியது. வாய் காய்ந்து நாக்கு அட்டைபோல் ஆயிற்று. பாதித் தூக்கத்தில் அவரே அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார். காலையில் அது கட்டிலுக்கடியில் கிடந்து சுவருக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருக்கும். கன்னத்தில் பதிந்த பட்டைத் தடத்தோடு கடைக்குப் போனால், "என்ன பாய், வீட்டுல அடியா?" என்று கேட்டார்கள்.

இதற்குமேல் யும்னா வேறு. அந்த மெஷின் ராத்திரி நடந்ததையெல்லாம் போனுக்கு அனுப்பி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அதைத் தன் போனிலும் தெரிகிற மாதிரி யும்னா செய்து வைத்திருந்தாள். காலையில் வேலைக்குப் போகும் வழியிலேயே அழைப்பாள்.

"அத்தா, முப்பத்தொண்ணுதான். ஃபெயில் லா."

"உன் ஓ லெவல் பரீட்சையில கணக்குக்கு நீ வாங்கினத நான் எடுத்துச் சொல்லவா?"

"டாபிக்க மாத்தாதீங்க. டாக்டர்கிட்ட இதெல்லாம் போகும். சீரியஸா போடுங்க அத்தா, பிளீஸ்."

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். யும்னாவின் கணவர் நசீர் வேலை விஷயமாக மூன்று நாள் ஜகார்த்தா போகவேண்டி வந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஜைனப் தஞ்சோங் பகாருக்குக் கிளம்பினாள். "ஒழுங்கா மாட்டிக்கிட்டுத் தூங்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கடையில் உட்கார்ந்து, மாஸ்க் இல்லாமல் தூங்கலாம் ஆனால் மகளிடம் ஃபெயில் ஆகக்கூடாது, இதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்த ஒலி முகம்மதுவின் பார்வை, அலமாரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் தலையின்மேல் விழுந்தது. நல்ல மூக்கு. ஓட்டை இல்லாத மூக்கு. மாஸ்க் கச்சிதமாக உட்காரும். காற்று எங்கேயும் கசியாது. மெஷினுக்கு என்ன தெரியப் போகிறது?

பொங்கோல் ரயிலில் தலையைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனார். எதிரே உட்கார்ந்திருந்த சீன மாது, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் பார்த்தார். பிறகு ஒலி முகம்மதுவைப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

இரவு இஷா தொழுகை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். பிளாஸ்டிக் தலையைத் தலையணையில் வைத்தார். கட்டிப்பிடித்துப் படுக்கும் நீளத் தலையணையான போல்ஸ்டரைப் படுக்கவைத்து உடம்பாக்கி, கழுத்துவரை போர்வையைப் போர்த்தினார். மாஸ்க்கை மாட்டி மெஷினைத் தட்டிவிட்டார். ஒரு சீறல், ஒரு முணுமுணுப்பு கிடையாது. தன்னைவிட இது நல்ல நோயாளி என்று தோன்றியது. விளக்கை அணைத்து, யும்னாவின் பழைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கை காலை விரித்துப் படுத்தார். கண்ணில் காற்று இல்லை, கழுத்தில் குழாய் இல்லை. சுகம்.

தூக்கம் வரப்போகிற நேரத்தில் வாசல் கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஜைனப்! நசீருடைய பயணம் கடைசி நேரத்தில் ரத்தாகிவிட்டது. மகள் வீட்டில் எதற்கு இடைஞ்சல் என்று அவள் கிளம்பி வந்துவிட்டாள். ஒலி முகம்மது எழுந்து கதவை லேசாகத் திறந்து அதன் பின்னால் நின்றார். இப்போது வெளியே போனால் என்னவென்று சொல்வது? படுக்கையில் இருப்பது யார் என்று சொல்வது? அவள் குளிக்கப் போனதும் ஓடித் தலையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஆனால் ஜைனப் குளிக்கப் போகவில்லை. கைப்பையை ஹாலில் வைத்துவிட்டு, விளக்கைப் போடாமலே நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டில் கிறீச்சிட்டது.

"அட!" அவள் குரல் குழைந்தது. "நான் இல்லாதப்பவும் மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்களே."

ஒலி முகம்மது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தூங்கிட்டீங்களா? பரவால்ல. தூங்குங்க." அவள் கட்டிலில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள். வழக்கமான ராத்திரிப் பேச்சைப்போல் இல்லை. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் வந்தது.

"சத்தம் தாங்காமத்தான் அந்த ரூமுக்குப் போனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். அது பொய்ங்க. சத்தம் இருந்தா எனக்கு நிம்மதி. சத்தம் நின்னு போகும் பாருங்க, அதுதான். அடுத்த மூச்சு வருமா வராதான்னு நான் என் மூச்சப் புடிச்சிக்கிட்டுப் படுத்திருப்பேன். வரலைன்னா கால் விரலால உங்கள ஒரு தள்ளு தள்ளுவேன். திட்டிக்கிட்டே புரண்டு படுப்பீங்க. அல்ஹம்துலில்லாஹ்ன்னு நெனச்சிக்குவேன். யும்னா போனதுக்கப்புறம் அதுக்குமேல முடியல. ஒரு நாள் அந்த மூச்சு வராமலே போயிட்டா, அத நான் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கக் கூடாதுன்னுதான் எழுந்து போனேன். கோழைத்தனம்தான். என்ன பண்றது."

கால் விரல் தள்ளியது கதவுக்குப் பின்னால் நின்ற ஒலி முகம்மதுவுக்கு ஞாபகம் இருந்தது. தூக்கத்தில் அவள் உதைக்கிறாள் என்று கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"இப்ப இந்த மெஷின் வந்ததுலருந்து..." என்று தொடங்கிய ஜைனப், கையை நீட்டிக் கணவரின் கன்னத்தைத் தடவினாள். நிறுத்தினாள். மறுபடி தடவினாள்.

"ஏங்க! தாடி?" அவள் குரல் உடைந்துவிட்டது. "தாடியவே எடுத்துட்டீங்களா? இந்த மாஸ்க்குக்காகவா? யா அல்லாஹ், நான் கேக்கக்கூட இல்லையே. எனக்காகவா எடுத்தீங்க?"

நன்றியில் அவள் அந்தத் தலையை இரு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தலை மட்டும் வந்தது.

அவள் போட்ட அலறலில் எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. ஒலி முகம்மது, "ஜைனப், நான் இங்க இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். இருட்டில் இன்னொரு கணவர், தாடியோடு, பக்கத்து அறையிலிருந்து வருவதைக் கண்ட ஜைனப் முன்னதைவிட உரக்க அலறினாள். கையிலிருந்த தலை குழாயோடு பறந்து வந்து அவர் தோளில் பட்டது. அவர் தடவித் தடவி விளக்கைப் போட்டார்.

ஜைனப் போல்ஸ்டரைப் பார்த்தாள். தரையில் கிடந்த தலையைப் பார்த்தாள். மாஸ்க் இன்னும் அதன் மூக்கில் இருந்தது. மெஷின் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. போல்ஸ்டரைத் தூக்கி அவரை நாலு சாத்து சாத்தினாள். வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரரிடம் கதவை அரைவாசி திறந்து, "கரப்பான் பூச்சி," என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார் ஒலி முகம்மது.

"எவ்வளவு நேரமா அங்க நின்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ வந்ததுலருந்து."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாஸ்க் இல்லை, வாய் தாராளமாகத் திறந்தது. சொல்ல ஒன்றும் வரவில்லை. "நீ பயந்துக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "சொல்லியிருக்கலாமே."

"சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க மேல் வீட்டு ரெனவேஷன்னு சொன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார். ஜைனபுக்கும் வந்தது. ஆனால் அவள் சிரித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் அவர் பார்த்தார். குனிந்து தலையை எடுத்து, அதன் மூக்கிலிருந்து மாஸ்க்கைக் கழற்றி, துணியால் துடைத்து, தானே மாட்டிக்கொண்டார். அன்றும் அது கண்ணில் ஊதியது.

காலையில் யும்னா அழைத்தாள். அழாத குறை.

"அத்தா! உங்களுக்கு ஒண்ணுமில்லையே? நேத்து நைட் முதல் அரை மணி நேரம் நீங்க மூச்சே விடலைன்னு காட்டுது!"

ஜைனப் போனை வாங்கினாள். "மெஷின்ல ஏதோ கோளாறும்மா. அத்தா நல்லாத்தான் இருக்காங்க." போனை வைத்துவிட்டு, "இதப் பத்தி வெளிய யாரும் மூச்சு விடக்கூடாது," என்றாள். சனிக்கிழமை நீச்சல் வகுப்பில் அவளே எல்லாருக்கும் சொன்னாள். மூன்று பெண்கள் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டார்கள்.

அந்த வாரம் ஒலி முகம்மது தானாகவே கிளம்பி ஃபர்சானாவைப் பார்க்கப் போனார். பிளாஸ்டிக் தலை உட்பட நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க கசியுது, காட்டுங்க," என்றாள். இந்தத் தடவை விற்பனைச் சிரிப்பும் பேச்சும் இல்லை. மூக்கு மெத்தையில் ஒரு அளவு சின்னதாக மாற்றினாள். வாய் திறக்காமலிருக்கத் தாடைக்கு ஒரு பட்டை கொடுத்தாள். காற்று முதலில் மெல்ல வந்து பிறகு கூடுகிற மாதிரியும், காற்றில் ஈரம் சேருகிற மாதிரியும் மெஷினைச் சரிசெய்தாள். "பகல்ல டிவி பாக்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்க அங்கிள். தூங்கும்போதுதான் போடணும்னு இல்ல."

ஆகவே தினமும் மாலைச் செய்தியை அவர் மாஸ்க்கோடு பார்த்தார். கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. கண்ணாடி சரியில்லை என்று யாராவது வந்தால் இப்போதெல்லாம் அவர் பழகிடும் என்று சொல்வதில்லை. "எங்க அழுத்துது?" என்று கேட்டு உட்காரவைத்தார். சிலரிடம் அரை மணி நேரம்கூட.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. நல்ல ராத்திரி ஒன்று, மோசமான ராத்திரி இரண்டு என்று போயிற்று. பிறகு எப்போது என்று தெரியாமல் கணக்கு மாறிற்று. ஜைனபுக்குத்தான் முதலில் சிரமம். குறட்டை இல்லாத அமைதியில் அவள் திடுக்கிட்டு எழுந்து, குழாயில் காற்று போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகு படுப்பாள். ஒரு நாள் அவளும் எழவில்லை. விடியற்காலைத் தொழுகைக்கு அலாரம் அடித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் விழித்து, ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நன்றாகத் தூங்க ஆரம்பித்ததில் ஒலி முகம்மது எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அவருக்குக் கனவு வர ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாகக் கனவே கண்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. புதிதாகக் கிடைத்த எதையும் தனியாக வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். காலையில் இடியாப்பம்போன்ற புட்டு மாயத்தைத் தட்டில் வைத்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

"ஒரு பெரிய கப்பல் ஜைனப். கப்பல் பூரா எறும்பு. ஒவ்வொரு எறும்புக்கும் கண்ணாடி போடணும். அதுல ஒரு எறும்பு என்ன சொல்லுது..."

புட்டு மாயம் ஆறிப்போகும்வரை ஜைனப் கேட்டாள். எறும்புகள் கரை சேர்ந்து, கப்பல் டோபி காட் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து, கதை ஒருவழியாக முடிந்தது.

"அந்தக் கனவுல நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். "நீ இல்ல."

"அப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

மறுநாள் காலையில் அவர் எச்சரிக்கையாக இருந்தார். உட்காரும்போதே, "இன்னிக்கு நீயும் இருந்தே," என்றார்.

"என்ன செஞ்சிக்கிட்டிருந்தேன்?"

ஒலி முகம்மது சற்றுத் தடுமாறினார். "தூங்கிக்கிட்டிருந்தே," என்றார். "நல்லா, அசந்து."

ஜைனப் அவர் தட்டில் இன்னொரு கரண்டி தேங்காய்த் துருவலைப் போட்டாள். "சரி, சொல்லுங்க," என்றாள்.